82 வருஷ சாதனையை உடைத்தவருக்கு ஏன் முதலிடம் இல்லை? அமெரிக்க ஃபுட்பால் பன்டர்களை எப்படி அளப்பது?

2022 என்எஃப்எல் சீசன். டென்னசி டைட்டன்ஸ் அணியில் ஒரு புதுமுகம், பெயர் ரயன் ஸ்டோன்ஹவுஸ். டிராஃப்ட்டில் எந்த அணியும் எடுக்காத பையன். சீசன் முடியும்போது அவர் பெயரில் ஒரு சாதனை இருந்தது: ஒரு பன்ட்டுக்குச் சராசரி 53.1 யார்டு. அதுவரை உச்சத்தில் இருந்தது 1940-ல் வாஷிங்டன் அணியின் சாமி பாவ் எடுத்த 51.4. இடையில் 82 வருஷம்.

ஆனா, அசோசியேட்டட் பிரஸ் அறிவித்த ஆல்-ப்ரோ முதல் அணியில் பன்டர் இடம் அவருக்குப் போகவில்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் டாமி டவுன்செண்டுக்குப் போனது. அவருடைய சராசரி ஸ்டோன்ஹவுஸைவிடக் குறைவு.

ஓரவஞ்சனை மாதிரி தெரியுதா? முதலில் படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. விஷயம் அதைவிடச் சிக்கலானது. பன்டர் என்ற வேலையை அளக்க நூறு வருஷமா நாம பயன்படுத்தும் ஸ்கேலே கோணல் என்பதுதான் இங்கே கதை.

முதல்ல, பன்ட் என்றால் என்ன?

அமெரிக்க ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. மூன்று முயற்சியும் சொதப்பிவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே தோற்றால் எதிரணிக்குப் பந்து அங்கேயே கிடைத்துவிடும். அதனால் பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் படும் முன் காலால் ஓங்கி உதைத்து, எதிரணியை முடிந்தவரை அவர்கள் கோல் லைன் பக்கம் தள்ளிவிடுவார்கள். இதுதான் பன்ட். இதைச் செய்பவர் பன்டர். மைதானத்தின் நீளம் 100 யார்டு, அதாவது 91 மீட்டர் சொச்சம்.

இன்னொரு விதி முக்கியம். உதைத்த பந்து எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் போய் நின்றுவிட்டால் அது டச்பேக். எதிரணி தன் 20-வது யார்டு கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். இந்த 20 யார்டு இலவசம்தான் பன்டர்களின் தலைவலி.

தூரம் சொல்லும் பொய்

ஒரு கணக்கு பார்ப்போம். மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பன்டர்கள் உதைக்கிறார்கள். முதலாமவர் அடித்த பந்து நேராக எண்ட் ஸோனுக்குள் போகிறது. 50 யார்டு, கைதட்டல். எதிரணி 20-ல் தொடங்குகிறது. இரண்டாமவர் பந்தை உயரமாகத் தூக்கி, எதிரணியின் 8-வது யார்டில் இறக்குகிறார். அது 42 யார்டுதான். எதிரணி 8-ல் மாட்டிக்கொண்டது.

எந்த அணிக்கு லாபம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் இரண்டாமவரைக் காட்டும். ஆனால் ‘மொத்த சராசரி’ என்ற பழைய பட்டியலில் முதலாமவர் 8 யார்டு மேலே இருப்பார்.

இன்னும் அடிப்படையான ஒரு கோளாறும் இருக்கிறது. பன்டர் எங்கிருந்து உதைக்கிறார் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. தன் அணியின் 20-வது யார்டில் நின்றால் முன்னால் 80 யார்டு காலி. முழு பலத்தோடு ஓங்கி அடிக்கலாம். எதிரணியின் 45-ல் நின்றால், உலகின் தலைசிறந்த பன்ட்டே 44 யார்டுதான். அதற்கு மேல் போனால் டச்பேக். அதாவது, அடிக்கடி சொந்த கோல் லைன் பக்கம் முடங்கும் மோசமான அணியின் பன்டருக்குச் சராசரி தானாக ஏறும். பந்தைப் பாதி மைதானம் வரை கொண்டுவந்துவிட்டுத் திணறும் நல்ல அணியின் பன்டருக்குச் சராசரி தானாக இறங்கும்.

கிரிக்கெட் பாஷையில் சொன்னால், டெத் ஓவர் மட்டும் போடும் பவுலரின் எகானமியையும் நடு ஓவர் ஸ்பின்னரின் எகானமியையும் ஒரே பட்டியலில் வைத்து ‘யார் கில்லாடி’ என்று கேட்பது மாதிரி.

இதற்கு அழகான உதாரணம் 2023-ல் அயோவா பல்கலைக்கழக அணி. அதன் பன்டர் டோரி டெய்லர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அந்த சீசனில் மொத்தம் 4,479 யார்டு பன்ட் அடித்தார். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் ஒரே சீசனில் இதுதான் அதிகம். சிறந்த கல்லூரி பன்டருக்கான ரே கை விருதும் கிடைத்தது. சரி, ஏன் அவ்வளவு யார்டு? அந்த ஆண்டு உயர்நிலைக் கல்லூரி அணிகளிலேயே மிக மோசமான தாக்குதல் ஆட்டம் அயோவாவுடையது. முன்னேற முடியாமல் திரும்பத் திரும்பப் பன்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டெய்லர் நிஜமாகவே திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. அந்தத் தாக்குதலை வைத்துக்கொண்டு அயோவா 10 ஆட்டம் ஜெயித்ததில் அவர் காலுக்குப் பெரிய பங்குண்டு. ‘பன்டிங் இஸ் வின்னிங்’ என்று டி-ஷர்ட் போட்டு ரசிகர்கள் கொண்டாடியது சும்மா இல்லை. ஆனாலும் அந்த 4,479-ல் அவர் திறமை எவ்வளவு, சக வீரர்களின் சொதப்பல் எவ்வளவு என்று அந்த நம்பரைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஸ்டோன்ஹவுஸ் கதையும் இதேதான். 2022-ல் டைட்டன்ஸுக்காக அவர் அடித்தது 90 பன்ட். அணி தடுமாறியது, பன்டருக்கு ஓவர்டைம். டவுன்செண்ட் ஆடியதோ லீக்கின் பயங்கரமான தாக்குதல் அணியில். அவருக்கு வேலையே குறைவு, ஓங்கி அடிக்க இடமும் குறைவு. ஆனாலும் எதிரணி ஓடித் திரும்பிய தூரத்தையும் டச்பேக்கையும் கழித்துப் பார்க்கும் ‘நிகர சராசரி’யில் ஸ்டோன்ஹவுஸைத் தாண்டியிருந்தார்.

அப்போ நிகர சராசரி போதுமா?

பாதி போதும். உதைத்த தூரத்திலிருந்து எதிரணி திரும்ப ஓடிய யார்டுகளைக் கழி, டச்பேக் ஆனால் 20 கழி. 2016-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஜானி ஹெக்கர் இந்தக் கணக்கில் 46.0 எடுத்து லீக் சாதனை வைத்தார். அந்த சீசனில் எதிரணியை 20-வது யார்டுக்குள் 51 முறை முடக்கினார். டச்பேக் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. பன்ட் அடிப்பதில் இதைவிடத் துல்லியமான சீசனை நான் தேடிப் பார்த்தவரை சொல்வது கஷ்டம். அணி மட்டும் 16-ல் 4 ஆட்டம்தான் ஜெயித்தது.

நிகர சராசரியின் பிரச்சினை வேறு: அது பன்டர் ஒருவரின் நம்பர் இல்லை. பந்து பறந்தபின் ஓடிப்போய் எதிராளியை மடக்குவது மற்ற 10 பேர். அவர்களில் ஓரத்தில் நிற்கும் இரண்டு பேரை ‘கன்னர்’ என்பார்கள். என்எஃப்எல் விதிப்படி உதைக்கும் முன்பே முன்னால் ஓட அவர்கள் இருவருக்கு மட்டும்தான் அனுமதி. கன்னர் வழுக்கி விழுந்தால், அந்த யார்டு பன்டர் கணக்கில் விழும். ஃபீல்டர் கேட்ச் விட்டதற்குப் பவுலர் சம்பளத்தில் கை வைப்பது மாதிரி.

2023 பிப்ரவரியில் நடந்த 57-வது சூப்பர் பவுல் ஞாபகம் இருக்கா? கடைசிக் கால்பகுதி. பிலடெல்பியா ஈகிள்ஸ் பின்தங்கியிருக்கிறது. காயத்திலிருந்து அந்த ஆட்டத்துக்காகத் திரும்பி வந்த ஆஸ்திரேலிய பன்டர் அரின் சிபோஸ், தன் அணியின் 32-வது யார்டிலிருந்து உதைக்கிறார். பந்து தாழ்வாக, 38 யார்டு மட்டும் போகிறது. சீஃப்ஸின் கடாரியஸ் டோனி அதைப் பிடித்து 65 யார்டு ஓடி, ஈகிள்ஸின் 5-வது யார்டில்தான் நிற்கிறார். சூப்பர் பவுல் வரலாற்றின் மிக நீளமான பன்ட் ரிட்டர்ன். உடனே ஒரு டச்டவுன். ஆட்டம் முடிந்தபோது 38-35, சீஃப்ஸ் சாம்பியன்.

நிகரக் கணக்கில் அந்த ஒரு பன்ட்டின் மதிப்பு மைனஸ் 27 யார்டு. முழுவதும் சிபோஸ் பெயரில். அடுத்த சீசனின் பெரும்பகுதி ஈகிள்ஸுக்குப் பன்ட் அடித்தது வேறொருவர். அவர் அடித்தது மோசமான பன்ட்தான், மறுக்க முடியாது. ஆனா 65 யார்டு ஓட விட்டது மொத்தமும் அவர் கால்தானா?

20 யார்டுக் கோடு என்ற மாயக்கோடு

‘எதிரணியை 20-க்குள் எத்தனை முறை முடக்கினார்’ என்பது மூன்றாவது பிரபலமான அளவு. நல்ல அளவுதான், ஆனால் மழுங்கல். 19-ல் நிறுத்தினாலும் ஒன்று, 1-ல் நிறுத்தினாலும் ஒன்று. 21-ல் நின்றால் பூஜ்யம்.

பன்டர்களின் தலைமகன் ரே கை விஷயத்தில் இந்த அளவே ஆரம்ப காலத்தில் இல்லாமல் போனது. 1973-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. பன்ட் மட்டுமே அடிக்கும் ஒருவருக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. மூன்று சூப்பர் பவுல் வென்றார். 20-க்குள் முடக்கிய கணக்கை லீக் வைக்க ஆரம்பித்ததே அவர் மூன்று சீசன் ஆடிய பிறகுதான். அவர் பந்தை எவ்வளவு உயரம் தூக்கினார், எத்தனை நொடி காற்றில் நிறுத்தினார் என்பதுதான் அவருடைய புகழே. அதற்குப் பட்டியலில் இடமில்லை. பட்டியலில் இருந்தது 42.4 என்ற சாதுவான சராசரியும் நிறைய டச்பேக்கும். 1986-ல் ஆட்டத்தை முடித்துக்கொண்டவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறக்க 2014 வரை ஆனது. முழுநேரப் பன்டராக உள்ளே நுழைந்த முதல் ஆள் அவர்தான். அவரைப் பார்த்தவர்கள் ‘மேதை’ என்றார்கள், காகிதத்தைப் பார்த்தவர்கள் ‘சுமார்’ என்றார்கள். ரெண்டு தரப்பும் அவரவர் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

சரி, நியாயமா எப்படி அளப்பது?

முதல் படி எளிமையானது. ஒவ்வொரு பன்ட்டையும், அதே இடத்திலிருந்து லீக் முழுக்க அடிக்கப்பட்ட பன்ட்களின் சராசரியோடு ஒப்பிடுங்க. சொந்த 20-லிருந்து அடித்தால் அங்கிருந்து மற்றவர்கள் அடித்ததோடு. எதிரணியின் 45-லிருந்து அடித்தால் அதோடு. எதிர்பார்ப்பைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் மார்க். பன்ட்டுக்கென்றே இயங்கிய பன்டாலிட்டிக்ஸ் என்ற ஆய்வாளர் குழு இந்தப் பாதையில்தான் போனது. இது ஒன்றை மட்டும் செய்தாலே மோசமான அணியின் பன்டருக்குக் கிடைக்கும் ஓசி யார்டு காணாமல் போகும்.

இரண்டாவது படி, யார்டைப் புள்ளியாக மாற்றுவது. 1971-லேயே வெர்ஜில் கார்ட்டர் என்ற என்எஃப்எல் குவார்ட்டர்பேக், ராபர்ட் மேக்கல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே! மைதானத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்து கிடைத்தால் சராசரியாக எத்தனை புள்ளிக்குச் சமம் என்பதே அதன் கேள்வி. இன்று ‘எதிர்பார்ப்புப் புள்ளி’ என்று எல்லா அணிகளும் பயன்படுத்தும் கணக்கின் வேர் அது. சொந்த கோல் லைனை ஒட்டிப் பந்து கிடைத்தால் மதிப்பு மைனஸில்கூடப் போகும். ஏனென்றால் அங்கே மாட்டிய அணியைவிட எதிரணிதான் அடுத்துப் புள்ளி எடுக்க வாய்ப்பு அதிகம். அதனால் 8-ல் நிறுத்துவதற்கும் 3-ல் நிறுத்துவதற்கும் உள்ள 5 யார்டு, மைதானத்தின் நடுவில் உள்ள 5 யார்டைவிட விலை கூடியது.

மூன்றாவதுதான் ரொம்ப சுவாரஸ்யம். பன்டரின் வேலை எங்கே முடிகிறது? என்னைக் கேட்டால், எதிராளி பந்தைப் பிடிக்கும் நொடியில். அதுவரை நடந்ததில் மூன்று விஷயம் பன்டர் கையில், இல்லை, காலில் இருக்கிறது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் காற்றில், மைதானத்தின் ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில். பந்து நாலரை நொடி காற்றில் நின்றால் கன்னர்கள் 40 யார்டுக்கு மேல் ஓடிவந்து எதிராளி முன்னால் நின்றுவிடுவார்கள். மூன்றரை நொடியில் இறங்கினால் அவருக்கு ஓடத் திறந்த மைதானம். இந்த மூன்றையும் வைத்து, ‘இப்படி ஒரு பன்ட்டுக்குச் சராசரியாக எத்தனை யார்டு திரும்ப ஓடுவார்கள்’ என்று கணிக்கலாம். அந்தச் சராசரியை மட்டும் பன்டர் கணக்கில் எழுதுங்க. அதற்கு மேல் ஓடினால், மடக்கத் தவறியவர்கள் கணக்கில். குறைவாக ஓடினால், அவர்களுக்குப் பாராட்டு.

சிபோஸ் பன்ட்டை இப்படிப் பிரித்தால், தாழ்வாக அடித்த தப்பு அவருக்கு, கண்டிப்பாக. ஆனா அதன்பின் வரிசையாக ஆட்களைத் தாண்டவிட்ட யார்டுகள் அவர் பெயரிலிருந்து கழன்றுவிடும்.

இதெல்லாம் கனவு இல்லை. வீரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் சிப் வைத்து அவர்கள் ஓட்டத்தை லீக் பதிவு செய்து பல வருஷமாச்சு. 2017 முதல் பந்துக்குள்ளும் சிப். 2022-ல் ‘பிக் டேட்டா பவுல்’ என்ற போட்டிக்காக, 2018 முதல் 2020 வரையிலான சீசன்களின் ஸ்பெஷல் டீம்ஸ் தரவை என்எஃப்எல் பொதுவில் கொடுத்தது. அதில் பந்து காற்றில் இருந்த நேரம் உண்டு. பன்டர் எந்தப் பக்கம் அடிக்க நினைத்தார், பந்து எந்தப் பக்கம் போனது என்ற குறிப்பும் தனித்தனியாக உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. கோச் ‘வலது ஓரம்’ என்கிறார், 10 பேரும் வலது பக்கம் ஓடுகிறார்கள், பந்து நடுவில் விழுகிறது. தூரம் 50 யார்டாக இருந்தாலும் அது சொதப்பல்தான். பழைய கணக்கில் அது அருமையான பன்ட்.

பணம் எங்கே இடிக்கிறது?

என்எஃப்எல்லில் 32 அணிகள். அதாவது இந்த வேலைக்கு உச்சத்தில் மொத்தமே 32 நாற்காலி. நன்றாகச் சம்பாதிக்கும் பன்டருக்கே ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர். டாலஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் 2024 ஒப்பந்தம் ஆண்டுக்கு 6 கோடி டாலர். குவார்ட்டர்பேக்கோடு சண்டை போட முடியாது, சரி. ஆனால் அணி விட மனமில்லாத வீரருக்குக் கொடுக்கும் ஃபிரான்சைஸ் டேக் சம்பளத்தில்கூட, பன்டரையும் கோல் அடிக்கும் கிக்கரையும் ஒரே பிரிவில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் காலால் செய்யும் வேலை என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

பன்டரை மதித்துச் சீக்கிரம் எடுத்தால் கிண்டல்தான். 2012 டிராஃப்ட்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 70-வது ஆளாக பிரையன் ஆங்கர் என்ற பன்டரை எடுத்தது. ஐந்து இடம் தள்ளி, 75-ல், சியாட்டில் எடுத்தது ரஸல் வில்சனை. சூப்பர் பவுல் ஜெயித்துக் கொடுத்த குவார்ட்டர்பேக். இன்றைக்கும் டிராஃப்ட் நேரத்தில் இந்த ஜோக் ஓடும். ஆங்கர் பத்து வருஷம் கழித்தும் லீக்கில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் தொழிலே சுருங்குகிறது. அணிகள் தேவைக்கு அதிகமாகப் பன்ட் அடிக்கின்றன என்று பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006-ல் வெளியான கட்டுரையில் காட்டினார். கோச்கள் அதை மெதுவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மைதானத்தின் நடுப்பகுதியில் நான்காவது வாய்ப்பையும் ஆடிப் பார்ப்பது இப்போது சகஜம். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நடுவிலிருந்து அடிக்கும் குட்டைப் பன்ட்கள் குறைந்தால், மிச்சம் இருப்பவை எல்லாம் சொந்தப் பகுதியிலிருந்து ஓங்கி அடிப்பவை. அப்போ லீக் முழுக்கச் சராசரி தானாக ஏறும். பழைய பன்டர்களையும் இன்றைய பன்டர்களையும் தூரத்தை வைத்து ஒப்பிடுவது இன்னும் அபத்தமாகும்.

அப்போ போனஸை எதற்குக் கொடுப்பது? மொத்த சராசரிக்குக் கொடுத்தால், 8-ல் இறக்க வேண்டிய பந்தை எண்ட் ஸோனுக்குள் அனுப்பச் சொல்லி நாமே காசு கொடுக்கிற மாதிரி. காற்றில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கொடுத்தால், 35 யார்டில் வானத்தைப் பார்த்து அடிப்பார்கள். எந்த நம்பரைத் தனியாகத் தூக்கி வைத்தாலும் ஆட்கள் அதைத்தான் துரத்துவார்கள். இடத்தைச் சரிசெய்து, எதிராளி பிடிக்கும் நொடியோடு கணக்கை முடித்து, புள்ளியாக மாற்றிய ஒரு மதிப்பு வேண்டும். அதையும் ஒரே சீசனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஒரு சீசனுக்கு அறுபது எழுபது பன்ட்தான். முட்டை வடிவப் பந்து தரையில் பட்டு எந்தப் பக்கம் குதிக்கும் என்று பந்துக்கே தெரியாது. இரண்டு மூன்று சீசன் சேர்த்துப் பார்த்தால்தான் அதிர்ஷ்டம் கழிந்து திறமை தெரியும். கன்னர்களுக்கும் அப்போதுதான் உரிய பங்கு எழுதப்படும். நியூ இங்கிலாந்தின் மாத்யூ ஸ்லேட்டர் இந்த வேலைக்காகவே 10 முறை ப்ரோ பவுலுக்குத் தேர்வானவர். அவர் ஓடி மடக்கிய யார்டுகளின் பலன் போய்ச் சேர்ந்தது பன்டரின் நிகர சராசரியில்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு வேலை கணக்குக்கு வெளியேதான் நிற்கும். பெரும்பாலான பன்டர்கள்தான் கிக்கருக்குப் பந்தைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர்களும்.

2023 டிசம்பர் 3, டைட்டன்ஸ் - இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் ஆட்டம். ஸ்டோன்ஹவுஸின் இரண்டு பன்ட்கள் தடுக்கப்பட்டன. இரண்டாவது முறை எதிராளி மோதியதில் முழங்காலில் பலத்த காயம், அந்த சீசன் அதோடு முடிந்தது. காவலைத் தவறவிட்டதற்காக ஸ்பெஷல் டீம்ஸ் கோச் மறுநாளே வேலையிழந்தார். அதே ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் டைட்டன்ஸ் டச்டவுன் அடித்து 25-25 என்று சமன் செய்தது. ஒரு எக்ஸ்ட்ரா பாயிண்ட் போதும், முன்னிலை. பந்தைப் பிடிக்க ஸ்டோன்ஹவுஸ் இல்லை. மாற்று குவார்ட்டர்பேக் ரயன் டனஹில் பிடித்தார், நிக் ஃபோக் உதைத்தார், தவறிப் போனது. ஓவர்டைமில் டைட்டன்ஸ் 31-28 என்று தோற்றது. புள்ளிவிவரப் பட்டியலில் அந்தத் தவறு ஃபோக் பெயரில் இருக்கிறது.